பழைய பொருளுக்கு ஒரு வக்காலத்து

ஐதராபாத்திற்குப் படிக்க வரும் தமிழ் மாணவனை இந்நகரத்தார் முதலில் மூன்று இடங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். சார்மினார் ஒன்று, கோல்கொண்டாக் கோட்டை இரண்டு, மூன்றாவது, மூசி ஆற்றங்கரையில் உள்ள சாலார் ஜங் பொருட்காட்சிச் சாலை. முதல் இரண்டும் காத்திருக்கும். மூன்றாவதற்கு மட்டும் நண்பகல் பன்னிரண்டு அடிப்பதற்குள் போய்விட வேண்டும். அங்கே ஒரு கடிகாரம் நமக்காகக் காத்திருப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடிகாரம் அது. கல்கத்தாவில் குக் அண்டு கெல்வி என்ற நிறுவனத்தார், இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்து ஆக்கியது. மணிக்கு ஒரு முறை ஒரு சிறு கதவைத் திறந்துகொண்டு தாடிக்காரப் பொம்மை ஒன்று வெளியே வரும்; மணியை அடிக்கும்; கடமை முடிந்தது என்று உள்ளே போய்விடும். மற்றொரு பக்கத்தில் கொல்லன் ஒருவன் சம்மட்டியால் நொடிகளை அடித்து எண்ணிக்கொண்டே இருப்பான். பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு அடி. ஒரே சீட்டில் பன்னிரண்டு அடியும் கேட்கலாமே என்ற கணக்கில்தான் அந்த வேளையில் அவ்வளவு கூட்டம்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். பெஞ்சிலே இடமில்லை. பாட்டிமார், பள்ளிப் பிள்ளைகள், புதுமணத் தம்பதிகள், எல்லோர் கையிலும் உயர்த்திப் பிடித்த கைப்பேசி. நூறு ஆண்டுகளுக்கும் மூத்த பொறியைப் படம் பிடிக்க நேற்றுப் பிறந்த பொறிகள் நூறு! நானும் என் கைப்பேசியை உயர்த்தினேன். தாடிக்காரர் தலையை நீட்டினார். அதே கணத்தில் என் கைப்பேசி தலையைச் சாய்த்துவிட்டது. "நாற்பது சதவீதம் மின்சாரம் மீதி இருக்கிறது" என்று அது சொல்லிக்கொண்டிருந்தது, நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கிழவர் பன்னிரண்டு முறையும் தவறாமல் அடித்தார். என் கையில் இருந்த இளைஞன் மூர்ச்சையாகிக் கிடந்தான்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு ஒரு பழுது பார்க்கும் நிலையத்திற்குப் போனேன். குளிரூட்டப்பட்ட மண்டபம், வரிசை எண், நாற்காலி, எல்லாம் மருத்துவமனை போலவே இருந்தன. என் முறை வந்தது. மேசைக்கு அப்பால் இருந்த இளைஞர் கைப்பேசியைப் புரட்டிப் பார்த்தார்.

"சார், இது பழைய மாடல்."

"நான்கு வருடந்தானே ஆகிறது?"

மொகஞ்சதாரோவில் தோண்டியெடுத்த பானையைக் கொண்டு வந்தவனைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். "இதற்குப் பாட்டரி வருவதில்லை சார். எக்ஸ்சேஞ்சில் புதியது வாங்கிவிடுங்கள்."

எங்கள் ஊரில் நான்கு வயதில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். இங்கே நான்கு வயதில் இடுகாட்டுக்கு வழி காட்டுகிறார்கள்! வீட்டிலிருந்து வரும் மாதப் பணத்தில் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம் போக மிஞ்சுவதைக்கொண்டு புதுக் கைப்பேசி வாங்க வேண்டுமானால், நான் மூன்று மாதம் காற்றைக் குடித்து வாழ வேண்டும். ஆகவே, வேறு வழியின்றிச் சிந்திக்கத் தொடங்கினேன். பணம் இல்லாதவனுக்குச் சிந்தனை ஒன்றுதானே இலவசம்!

புதியது என்றாலே உயர்ந்தது என்ற எண்ணம் நம்மில் ஊறிப் போயிருக்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை என்று செய்தித்தாள்களைப் புரட்டினேன். அமெரிக்காவில் ஹியூமேன் என்றொரு நிறுவனம். சட்டையில் குத்திக்கொள்ளும் ஏ.ஐ. பின் என்ற கருவியைச் செய்தது. பேசினால் பதில் சொல்லும்; உள்ளங்கையிலே எழுத்துகளை ஒளியால் வரைந்து காட்டும்; இனிக் கைப்பேசியே வேண்டாம் என்று முழங்கினார்கள். விலை 699 டாலர். அதற்கு மேல் மாதச் சந்தா வேறு. 2024 ஏப்ரலில் வாங்கியவர் கைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் நிறுவனத்தின் சொத்துகளில் பெரும்பகுதியை எச்.பி. நிறுவனம் வாங்கிக்கொண்டது; அந்த மாதம் 28-ஆம் நாளோடு பின்னின் வாய் அடைத்துவிட்டது. ஓராண்டுகூட நிறையவில்லை. கருவி உடையவில்லை, தேயவில்லை. எங்கோ தொலைவில் ஒரு கணிப்பொறியை நிறுத்தினார்கள், இங்கே சட்டையில் இருந்தது வெறும் பொத்தானாகிவிட்டது.

இனி மற்றொரு பக்கம் பாருங்கள். 1977 செப்டம்பர் 5-ஆம் நாள் வானில் ஏவப்பட்டது வாயேஜர்–1. அதன் நினைவகம் முழுவதையும் திரட்டினாலும், இன்று ஒருவர் விடியற்காலையில் அனுப்பும் "இனிய காலை வணக்கம்" ரோஜாப்பூப் படம் ஒன்றுக்குப் போதாது. அந்தக் கிழவர் 2023 நவம்பரில் திடீரென்று உளறத் தொடங்கினார். பூமிக்கு வந்தவை அனைத்தும் பொருளற்ற செய்திகள். "ஆயிற்று, கதை முடிந்தது" என்றே பலர் எண்ணினர். நாசாவின் பொறியாளர்கள் அப்படி எண்ணவில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதி வைத்த தாள்களைத் தேடி எடுத்துப் படித்தார்கள். நினைவகத்தில் ஒரே ஒரு சில்லு பழுதாகியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். சில்லை மாற்றலாமென்றால், நோயாளி இருப்பதோ 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால்! அதில் இருந்த கட்டளைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தின் வேறு மூலைகளில் ஒதுக்குப்புறமாகக் குடியேற்றினார்கள். 2024 ஏப்ரல் 18-இல் முதல் திருத்தம் போயிற்று. செய்தி போகவே இருபத்திரண்டரை மணி நேரம். பதில் வர இன்னும் அவ்வளவு. ஏப்ரல் 20-இல் கிழவர் தெளிவாகப் பேசினார்.

நண்பர்களே, நாற்பத்தாறு வயதுக் கருவியை விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் வைத்துப் பழுது பார்க்க முடிகிறது. நான்கு வயதுக் கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பழுது பார்க்க முடிவதில்லை!

ஏன் என்பதற்கு விஞ்ஞான மாணவன் என்ற முறையில் விடை தேடினேன். என் கைப்பேசிக்கு வந்த நோய் ஒன்றும் மர்ம நோயன்று. லித்தியம் அயனி மின்கலத்தில் மின்னேற்றமும் இறக்கமும் நடக்குந்தோறும், லித்தியத்தில் கடுகளவு மீளாமல் மின்வாயின்மேல் படலமாகத் தங்கிவிடுகிறது. நாளடைவில் கொள்ளளவு குறைகிறது, உள்தடை கூடுகிறது. உள்தடை கூடிய மின்கலத்திடம் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் மின்னழுத்தம் சட்டென்று சரியும்; கருவி அணைந்து போகும். படம் எடுக்கப் போனபோது அது மயங்கியதன் இரகசியம் இதுதான். மருந்தும் எளியது: புது மின்கலம். ஆனால் அந்த மின்கலத்தைப் பசை போட்டு ஒட்டி, மூடியையும் பசையால் மூடி, மாற்றுப் பாகத்தையும் கடைக்கு அனுப்பாமல் நிறுத்திவிட்டால், தேய்வது மின்கலமானாலும் சாவது கைப்பேசி. ஒரு பல் சொத்தையானதற்கு ஆளையே மாற்றச் சொல்வது போன்றது இது.

இது புதிய தந்திரமும் அன்று. 1924-இல் பிலிப்ஸ், ஓஸ்ராம் முதலிய விளக்கு உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் கூடி பீபஸ் என்றொரு கூட்டணி அமைத்தார்கள். மின்விளக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியலாகாது என்று வரையறை செய்துகொண்டார்கள். அதற்கு மேல் உழைக்கும் விளக்கைச் செய்தவருக்கு அபராதம்! நீதி தவறாமல் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இழைவிளக்கில் ஆயுளைக் கூட்டினால், செலவிடும் மின்சாரத்துக்குக் கிடைக்கும் ஒளி குறையும். ஆதலால் அவர்கள் பக்கத்திலும் ஒரு சிறு நியாயம் உண்டு. ஆயினும் நன்றாக உழைத்ததற்கு அபராதம் போட்ட கூட்டம் உலகில் வேறெங்காவது உண்டோ என்று எனக்குத் தெரியவில்லை; மாணவர் விடுதியிலேகூட அப்படி இல்லை.

"அப்படியானால் பழையது எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறாயா?" என்று எதிரணியினர் கேட்பது என் காதில் விழுகிறது. இல்லை. பழையது கழிவதும் புதியது வருவதும் குற்றமல்ல என்று நன்னூலாரே விதி செய்துவிட்டார். அவரோடு வழக்காட நான் யார்?

தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1850-இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனைக் கம்பி போட்டார்கள். 2013 ஜூலை 14-ஆம் நாள் இரவோடு தந்திச் சேவை முடிந்தது. கடைசி நாளில் தந்தி கொடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் பலர் வாழ்நாளில் முதல் தந்தியையும் அன்றுதான் கொடுத்தார்கள்! இறந்த பிறகு மாலையோடு வரும் உறவினர் நினைவுதான் எனக்கு வந்தது. கைப்பேசி வீட்டுக்கு வீடு வந்த பிறகு தந்திக்கு வேலை இல்லை. வேலை முடிந்தது, விடை பெற்றது. எங்கள் ஆச்சிக்கு அதில் வருத்தமே கிடையாது. தந்திச் சேவகர் சைக்கிளைத் தெருமுனையில் கண்டாலே அழுகையைத் தொடங்கிவிட்டுப் பிறகுதான் யார் போனது என்று விசாரிப்பார்களாம் அந்தக் காலத்தில்.

ஜப்பான் அரசாங்கம் 2024 வரையில், சில விண்ணப்பங்களைப் பிளாப்பித் தட்டில் பதிந்து கொடுக்க வேண்டும் என்ற விதிகளை வைத்திருந்தது. அதிவேக இரயில் விட்ட நாட்டில் பிளாப்பித் தட்டு! அவ்வாண்டு அவ்விதிகளை ஒழித்துவிட்டு, போரில் வென்றவர்கள் போல மகிழ்ந்தார்கள். சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சுரங்க இரயில்களின் கட்டுப்பாட்டுப் பொறிக்கு 1998 முதல் தினமும் காலையில் பிளாப்பித் தட்டைச் செருகித்தான் துயிலெழுப்புகிறார்கள் என்ற செய்தியும் அதே ஆண்டில் பரவலாக அடிபட்டது. ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்று நாம் சிரிக்கலாம். ஆனால் சட்டி உடைந்தால் புதுச் சட்டி செய்ய ஆள் இல்லை என்பதுதான் அவர்கள் கவலை. அதனாலேயே அதை மாற்ற ஒப்பந்தம் போட்டார்கள். அது அறிவுள்ள செயல்.

எனவே என் வக்காலத்து பழமைக்காக அன்று. வேலை முடிந்து போகிற பொருளுக்கு வழியனுப்பு விழா நடத்துவோம். வேலை செய்யத் திராணி இருக்கும்போதே கழுத்தைப் பிடித்துத் தள்ளப்படுகிற பொருளுக்காகத்தான் வாதாடுகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் நாள் விண்டோஸ் 10-க்கு இலவசக் காப்புத் திருத்தங்கள் நின்றன. அடுத்த பதிப்போ, குறிப்பிட்ட சில்லு இல்லாத பழைய கணிப்பொறியில் முறைப்படி ஏறாது என்கிறது. நம் விடுதியிலேயே நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணிப்பொறிகள் சில அன்று ஒரே இரவில் கிழமாகிவிட்டன. 2022-இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையைக் குவித்தது; அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அந்தக் குப்பைக்குள் எத்தனை பொருள்கள் ஒரு பாகம் கிடைக்காத குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவை என்று யார் எண்ணினார்கள்?

சரி, என் கைப்பேசியின் கதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அபிட்ஸுக்கு அருகில் ஜகதீஷ் மார்க்கெட் இருக்கிறதே, அங்கே போனேன். குளிரூட்டிய மண்டபம் இல்லை. வரிசை எண் இல்லை. முழங்கை இடிக்கும் சந்து. தோசைக்கல் அகலத்துக்கு ஒரு மேசை. அதன் பின்னால் ஒரு பாய். என் அரைகுறை இந்தியில் நோயை விவரித்தேன். "டென்ஷன் நக்கோ லேவ்" என்றார். வெப்பக் காற்றால் பசையை இளக்கினார். மெல்லிய தகட்டால் மூடியைப் பிரித்தார். வேறொரு மின்கலத்தை வைத்து மூடினார். அரை மணி நேரம். கூலி, மின்கல விலை எல்லாம் சேர்த்து இரண்டு வேளைப் பிரியாணிச் செலவுதான் ஆயிற்று. "பாய், பாட்டரி அசல்தானே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலே கருணை இருந்தது, விடை இல்லை.

அந்தச் சிரிப்புதான் வழக்கின் உயிர்நாடி. கை இருக்கிறது, திறமை இருக்கிறது. அசல் பாகம் அவருக்கு வருவதில்லை. அசலைப் பூட்டி வைத்தால் போலி புழங்கும். போலி மின்கலம் வீங்கும், தீப்பிடிக்கவும் கூடும். ஆபத்து யாருக்கு? புதியது வாங்க இயலாத நம் போன்றவர்களுக்கு. ஐரோப்பியக் கூட்டமைப்பில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது: ஒரு கைப்பேசி மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு முக்கியமான மாற்றுப் பாகங்கள் கிடைக்க வேண்டும், எண்ணூறு முறை மின்னேற்றி இறக்கிய பின்னும் மின்கலத்தில் எண்பது சதவீதக் கொள்ளளவு இருக்க வேண்டும். நம் நாட்டிலும் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது; நிறுவனங்கள் பாகங்களைப் பற்றியும் பழுது பார்ப்பதைப் பற்றியும் அதில் விவரம் தரலாம். தரலாம் என்பது நல்ல சொல்தான். தர வேண்டும் என்பது அதைவிட நல்ல சொல். அந்தச் சொல் சட்டத்தில் ஏற வேண்டும் என்பதே என் கட்சி.

ஆனால் சட்டம் வந்துவிட்டால் போதுமா? போதாது என்று எனக்குக் கற்பித்தது எங்கள் ஆய்வுக்கூடத்து மூலையில் இருக்கும் நிறமாலை ஒளிமானி. என்னைவிட மூத்தது. அதோடு இணைந்த கணிப்பொறிக்கு வெளியுலகத் தொடர்பு பிளாப்பித் தட்டு ஒன்றுதான். நல்ல நிலையில் உள்ள தட்டுகள் ஐந்து. அவற்றைக் குலதெய்வத்தின் நகை போல அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். புதியது வாங்கப் பணம் கேட்டு எழுதிய தாள்களும் ஒரு கோப்பிலே மூப்படைந்து வருகின்றன. பொறி மட்டும் இன்றும் சரியாக அளக்கிறது. காரணம், எங்கள் ஆய்வுக்கூடத்துத் தொழில்நுட்பர் ஒருவர். விளக்கு எரியும் ஓசையைக் கேட்டே, "இன்னும் ஒரு மாதம் தாங்கும்" என்பார். எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். தாம் அறிந்ததை அவர் எழுதி வைத்ததில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. அவர் பழுது பார்க்கும்போதெல்லாம் நாங்கள் தேநீர் குடிக்கப் போய்விடுவோம்.

வாயேஜருக்கு உயிர் வந்தது பழைய தாள்களால். யாரோ எழுதி வைத்தார்கள்; யாரோ பத்திரப்படுத்தினார்கள்; யாரோ பொறுமையாகப் படித்தார்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அது விண்வெளியில் பிணமாக மிதந்துகொண்டிருக்கும். பொறி வயதினால் சாவதில்லை. அதைத் திறக்கத் தெரிந்த கடைசிக் கை ஓய்கிறபோதுதான் சாகிறது. இது நிறுவனத்தின் குற்றமும் அன்று, அரசாங்கத்தின் குற்றமும் அன்று. தேநீர் குடிக்கப் போன என் குற்றம்.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, வெள்ளிக்கிழமை மாலைதோறும் அந்தப் பெரியவர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். அவர் தெலுங்கில் சொல்கிறார். நான் தமிழில் எழுதிக்கொண்டு, இரவு அதை ஆங்கிலத்தில் படி எடுக்கிறேன். ஐயம் வந்தால் படம் போட்டுக் காட்டுகிறார். இதுவரை ஒன்பது பக்கம் ஆகியிருக்கிறது. முதல் நாள் அவர் என்னிடம் கேட்டார்: "முப்பது வருடமாக யாரும் கேட்கவில்லையே, உனக்கு இப்போது என்ன வந்தது, பாபு?" கைப்பேசி மயங்கி விழுந்த கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "எழுதிக்கொள்" என்றார்.

மன்றத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் துறையிலும் இப்படி ஒரு பொறி இருக்கும். அருகே இப்படி ஒரு பெரியவர் இருப்பார். நாற்பது பக்க நோட்டு ஒன்றின் விலை ஒரு தேநீர்ச் செலவுக்குச் சற்றே கூடுதல். பொங்கல் விழாவுக்குள் ஆளுக்கொரு நோட்டு நிரப்பினால், நம் மன்றம் இப்பல்கலைக்கழகத்துக்குச் செய்யும் தொண்டு அதைவிட வேறில்லை.

சென்ற ஞாயிறு மீண்டும் சாலார் ஜங்குக்குப் போனேன். இம்முறை கைப்பேசி விழித்திருந்தது. ஆனால் அதை நான் உயர்த்தவில்லை. கதவு திறந்தது, தாடிக்காரர் வந்தார், பன்னிரண்டு அடித்தார், போனார். கூட்டம் கலைந்தது. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கதவு தானாகத் திறக்கவில்லை, எண்ணெய் விட்டு, துடைத்து, பழுது பார்த்து வந்த பெயர் தெரியாத கைகள் அதன் பின்னால் வரிசையாக நிற்கின்றன என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு வந்தது. கொல்லன் மட்டும் என்னைக் கவனியாமல் நொடிகளை அடித்துக்கொண்டே இருந்தான்.